மேட்டை விட்டு இறங்காத மாப்பிள்ளை

பல்லக்காவுக்குக் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. "நடுங்குற கையை வச்சுக்கிட்டு இந்தத் தொழிலுக்கு வரலாமா?" என்று அவளே கேட்பாள். தொழில், பல் செய்வது. பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் அதற்கேற்ற பல்லைச் செய்து, பக்கத்துப் பல்லின் நிறத்தோடு ஒட்டிப்போகிற மாதிரி பூச்சு மேல் பூச்சாகத் தீட்டி, சின்ன அடுப்பில் சுட்டெடுத்துத் திருப்பி அனுப்புவாள். அவள் செய்த முன்பல்லை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சிரித்துக்கொண்டு திரிகிறவர்கள் உண்டு. எது சொந்தப் பல், எது வந்த பல் என்று கூடவே குடும்பம் நடத்துகிறவர்களுக்கே தெரியாது. இதையும் அவளே சொல்லிக்கொள்வாள். பீற்றல் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், அவளுக்கு அதில் கூச்சம் கிடையாது.

பல்லும் அக்காவும் சேர்ந்து பல்லக்கா. பெயர் வைத்தது லாரி ஓட்டுகிற அவள் தம்பி. "பல்லக்கா வருதா? தூக்குறதுக்கு நாலு ஆளைக் கூப்பிடு" என்று அவள் உடம்பையும் சேர்த்துக் கேலி பண்ணுவான். "உன்னை இடுப்புல தூக்கித் தூக்கித்தான்டா எனக்கு இந்த உடம்பு" என்பாள் இவள். அத்தோடு அவன் வாய் அடைத்துவிடும், அன்றைக்கு மட்டும்.

வாரம் முழுக்கப் பல் என்றால் சனிக்கிழமை தளபதி. அது என்ன தளபதி என்று கேட்பீர்கள், சொல்கிறேன். அவள் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண்ணாடிக்காரர் என்றால் தெரு முழுக்கத் தெரியும். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம், பழைய காலத்துச் சண்டை. டயர் கடைக்கு மாடியில் ஒரு கூடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையானால் அங்கே இவரைப் போல நாலு பேர் கூடுவார்கள். பெரிய மேஜையில் மேடு, ஆறு, பாலம் எல்லாம் செய்து வைத்து, கட்டைவிரல் உயரத்து உலோக வீரர்களை அணி அணியாக நிறுத்தி, அளவு நாடா பிடித்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். தம்பியும் அதில் ஒரு ஆள். அவன் "பொம்மைச் சண்டை" என்பான். "பொம்மை இல்ல மச்சான், சரித்திரம்" என்பார் கண்ணாடிக்காரர். அவருக்குக் கோபம் வருகிற ஒரே இடம் அதுதான்.

அந்தச் சங்கத்தில் ஒரு சட்டம் உண்டு. வண்ணம் பூசாத வீரனை மேஜையில் வைக்கக் கூடாது. கண்ணாடிக்காரருக்கு வண்ணம் பூச வராது. கல்யாணமான புதிதில் அவர் தீட்டின ஒரு குதிரைவீரனைப் பார்த்துவிட்டு, "இவனுக்கு அம்மையா?" என்று கேட்டாள் பல்லக்கா. பிரஷைப் பிடுங்கிக்கொண்டவள்தான், இன்றைக்கு வரைக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பல் செய்கிற லேப்பை மூடினதும் சாப்பிட்டுவிட்டு, ஜன்னலோர மேஜையில் விளக்கை இழுத்து வைத்து, வேலைக்குப் போட்டுக்கொள்கிற பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவாள். எதிர் நாற்காலியில் அவர் தடித்தடிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு படித்துச் சொல்லுவார். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய தளபதி சட்டைக்கு மேல் என்ன அங்கி போட்டான், குதிரைக்கு என்ன நிறத்தில் துணி போர்த்தினான், ஏன் தோற்றான், தோற்றபிறகு மாமனார் வீட்டுக்கு எப்படி ஓடினான். சும்மா சொல்லக் கூடாது, அவர் சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். வாரத்தில் மற்ற நாளெல்லாம் "சாப்பிட்டியா", "கேஸுக்குச் சொல்லியாச்சா" தவிர அந்த வாயிலிருந்து ஒன்றும் வராது. ஒரே பையனும் வெளியூரில் படிக்கப் போனபிறகு வீட்டில் மின்விசிறிச் சத்தம்தான். சனிக்கிழமையானால் அந்த மனுஷன் பேசுவார், சிரிப்பார், கையை ஆட்டுவார். அந்த அரை நாளுக்காக அவள் மற்ற ஆறரை நாளையும் தள்ளினாள். அதை யாரிடமும் சொன்னதில்லை, அவரிடம்கூட.

அந்தச் சனிக்கிழமைக்குத்தான் ஆபத்து வந்தது.

வருஷக் கடைசியில் சங்கத்தில் ஆத்துச் சண்டை என்று ஒன்று நடக்கும். ஆற்றின் இந்தப் பக்கம் கண்ணாடிக்காரர் படை, அந்தப் பக்கம் தம்பி படை. நடுவில் பாலம். யார் பாலத்தைப் பிடிக்கிறாரோ அவருக்கு வெற்றி. மூன்று வருஷமாகக் கண்ணாடிக்காரர் மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தோல்விக்கும் பல்லக்காவிடம் ஒரே மருந்துதான். "தளபதி எடுப்பா இல்ல, அதான்" என்று சொல்லி, அடுத்த வருஷத்துக்கு இன்னும் அழகாக ஒருத்தனைத் தீட்டுவாள். முதல் வருஷம் நீல அங்கி. அடுத்த வருஷம் அங்கியில் பூ. இந்த வருஷம் தீட்டினவனை என்னவென்று சொல்வது! வெள்ளைக் குதிரைக்குச் சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டம் போட்ட போர்வை. தலைக்கவசத்தில் இறகுக் கொத்து. தாடையில் மழிக்காத தாடியின் நிழல். உதட்டில் பல்லுக்குப் பூசுகிற மினுக்கு. கடைசியாக மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணுக்கு இமை வைத்தாள். பூதக்கண்ணாடி இல்லாமல் பார்த்தால் அது தெரியவே தெரியாது. "தெரியாட்டி என்ன, இருக்குல்ல?" என்றாள்.

தம்பி அவனைப் பார்த்த உடனே வைத்த பெயர், மாப்பிள்ளை. "ஜம்முன்னு குதிரையில உக்காந்து ஊர்வலம் போறதுக்குத்தான் லாயக்கு. ஏன் மாமா, பொண்ணு எந்த ஊரு?" கண்ணாடிக்காரரும் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளைதான் என்பதால் குத்து ரெண்டு பக்கமும் விழுந்தது. அவர் போய்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் வாயைத் திறந்தார். "இந்த வருஷமும் தோத்தா, அலமாரியோட படை மொத்தத்தையும் உன் தம்பிக்கே தூக்கிக் கொடுத்துடப் போறேன். போதும், எனக்கு வராதது எனக்கு வராது."

"சும்மா சொல்றீங்க."

"சும்மா சொல்லல."

அதுதான் பயம். அவர் சும்மா சொல்கிற ஆள் இல்லை. காப்பியில் சர்க்கரையை விட்டுவிடுகிறேன் என்று ஒரு நாள் சொன்னார். மறுநாளிலிருந்து அவர் தம்ளரில் ஒரு பொட்டு சர்க்கரை விழவில்லை. அலமாரி போய்விட்டால் சனிக்கிழமை போய்விடும். சனிக்கிழமை போய்விட்டால் இந்த மனுஷனோடு எதைப் பேசுவது?  பல்லக்கா பயந்து பழக்கப்பட்டவள் இல்லையாதலால் இந்தப் பயம் புதிதாக இருந்தது.

ஆத்துச் சண்டைக்கு ரெண்டு நாள் இருக்கும்போது தம்பி லேப்புக்கு வந்தான். கைக்குட்டையில் சுருட்டி எதையோ கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தான். பிரித்தால் அவனுடைய தளபதி. பெயர் மொட்டை. ஒரு காலத்தில் தலைக்கவசத்தின் மேல் இறகு இருந்தது, ஒடிந்து போனதிலிருந்து மொட்டை. தம்பியே தீட்டினது. தீட்டினான் என்று சொன்னால் தீட்டுகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். லாரிக்கு அடித்த மிச்சத்தில் முக்கியெடுத்திருந்தான். இப்போது குதிரையின் முன்னங்கால் வேறு ஒடிந்திருந்தது.

"ஒட்டிக் கொடுக்கா. பல்லையே ஒட்டுறவ நீ, குதிரைக் கால் ஒரு பெரிய விஷயமா?"

"கொஞ்ச நேரம் கொடுத்தா மூஞ்சியையும் சரி பண்ணித் தரேன்டா. பார்க்கச் சகிக்கல."

"ஐயோ ஆளை விடு! ஜெயிக்கிற குதிரைக்கு எதுக்கு அலங்காரம்? காலை மட்டும் ஒட்டு."

அவள் பூதக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு மொட்டையைத் திருப்பினாள். ஒட்டுகிற இடத்தைப் பார்க்கத்தான் திருப்பினாள். பார்த்த கண் அங்கேயே நின்றுவிட்டது.

பல் செய்கிறவள் பல்லை எப்படிப் பார்ப்பாள் தெரியுமா? நிறம் அப்புறம். முதலில் தேய்மானம். கடிக்கிற பல் தேயும். எந்தப் பக்கம் மெல்லுகிறார், எங்கே கடிக்கப் பயப்படுகிறார், எல்லாம் தேய்மானத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். தேயாமல் பளபளவென்று ஒரு பல் இருந்தால் அது வாயில் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். மொட்டையின் கேடயத்தில் வண்ணமே இல்லை, உலோகம் பல்லை இளித்தது. குதிரையின் மார்பில் வண்ணம் இல்லை. ஈட்டி முனை வழித்தெடுத்த மாதிரி இருந்தது. முதுகுப் பக்கம் மட்டும் லாரிப் பெயிண்ட் அப்படியே இருந்தது. இவன் எப்போதும் முன்னால் நின்று இடிபட்டிருக்கிறான்.

"ஏன்டா, தளபதியை நீ முன்வரிசையிலயா நிறுத்துவே?"

"பின்ன? தளபதி ஒரு சாண் தூரத்துக்குள்ள நின்னாத்தான் படைக்குத் தைரியம். பகடையில விழுற எண்ணோட ஒண்ணு கூட்டிக்கலாம். அது சட்டம்கா. தூர நின்னா, அடி விழுந்த உடனே பசங்க ஓட்டம் பிடிச்சிடுவானுங்க."

"உங்க மாமா எங்க நிறுத்துவார்?"

தம்பி சிரித்தான். "அதை ஏன் கேக்குற! மாமா தளபதி மேட்டு மேல நின்னு வேடிக்கை பார்ப்பார். கிட்டவே வரமாட்டார்."

அவள் காலை ஒட்டிக் கொடுத்து அவனை அனுப்பிவிட்டாள். அன்றைக்கு ஒரு பல்லுக்கு ரெண்டு தடவை நிறம் பார்க்க வேண்டியிருந்தது. மனசு வேலையில் இல்லை.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் அலமாரியைத் திறந்தாள். காலாட்படையை எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொருத்தனுக்கும் தோளில், ஈட்டியில், காலடித் தட்டின் விளிம்பில் வண்ணம் போயிருந்தது. பாவம், அடிபட்டவர்கள். பிறகு முதல் வருஷத்து நீல அங்கியை எடுத்தாள். நேற்றுத் தீட்டின மாதிரி இருந்தான். பூ அங்கியை எடுத்தாள். கண்ணாடிக்குள் வைத்த மாதிரி இருந்தான். விளிம்பில்கூட ஒரு கீறல் இல்லை. வருஷம் முழுக்கச் சண்டைக்குப் போய்வந்த தளபதிகள் ரெண்டு பேரும் கல்யாணத்துக்குப் போய்வந்த மாதிரி நின்றார்கள்.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. யார் மேல் என்று தேடினால் தன் மேல்தான். அவர் தோற்கத் தோற்க இவள் அழகாகத் தீட்டியிருக்கிறாள். இவள் அழகாகத் தீட்டத் தீட்ட அவர் இன்னும் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். தம்பி ஜெயிக்கவில்லை, தன் கைதான் தன் புருஷனைத் தோற்கடித்திருக்கிறது. இந்த வருஷம் இமை வேறு வைத்துத் தொலைத்திருக்கிறாள்!

சாப்பிடும்போது கேட்டுவிட்டாள். அடக்கி வைக்கிற பழக்கம் அவளுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

"தளபதியை ஏங்க மேட்டு மேல நிறுத்துறீங்க?"

"அங்கிருந்து பார்த்தாத்தான் மொத்தக் களமும் தெரியும். அது வியூகம்."

"மாப்பிள்ளைக்குக் கண்ணு நான் வச்சது. அவனுக்கு எவ்வளவு தூரம் தெரியும்னு எனக்குத் தெரியும். நிஜத்தைச் சொல்லுங்க."

அவர் ரொட்டித் துண்டை ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். கண்ணாடி வில்லையைத் தூக்கித் தூக்கி அவருக்கு எதையும் ஓரத்தில் பிடித்துத்தான் பழக்கம். 

"சண்டைன்னு வந்தா ரெண்டு பக்கத்து ஆளுங்களையும் ஒட்டித் தள்ளணும். இடிபடும். சாயும். உன் தம்பி கிரீஸ் கையோட தூக்கி எறியறான். ஒரு மாசம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்து நீ தீட்டினது. அதைக் கொண்டுபோய் அங்க விடச் சொல்றியா? எனக்கு மனசு வராது."

பல்லக்காவுக்குச் சண்டை போட நாக்கில் பத்து வார்த்தை தயாராக இருந்தது. ஆனால் இப்படிச் சொல்கிற மனுஷனை என்ன செய்ய முடியும்? கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது, தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலவும் இருந்தது. "இன்னொரு ரொட்டி போட்டுக்கோங்க" என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை, அவர் ஆத்துச் சண்டைக்கு மேஜை தயார் பண்ணச் சங்கத்துக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு வேலை செய்து பார்த்தாள். அலமாரியில் வண்ணம் பூசாமல் கிடந்த ஒரு தளபதியை எடுத்து, தம்பி மாதிரி முக்கியெடுத்து அசிங்கமாக ஒருத்தனைச் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். அவனை இடிக்க விடுவதில் அவருக்கு மனக்கஷ்டம் இருக்காது. பெரிய பிரஷை எடுத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். சரி, அசிங்கமாகத்தான் இருந்தது. அங்கி மட்டும் கொஞ்சம் மேடு பள்ளம் தெரியட்டும் என்று பார்த்தாள். அப்புறம் தாடைக்குக் கீழ் ஒரு நிழல். சாயங்காலம் விளக்கைப் போடும்போது பார்த்தால், கையில் சின்னப் பிரஷ் இருந்தது, அவன் குதிரைக்குப் பல்வரிசை வைத்துக்கொண்டிருந்தாள். "உருப்பட்ட மாதிரிதான்" என்று தன்னையே திட்டிக்கொண்டு பிரஷைக் கழுவினாள். அசிங்கமாகச் செய்ய அவளுக்கு வராது. அது அவள் குற்றம் இல்லை, கைவாகு அப்படி.

ஞாயிற்றுக்கிழமை தூக்கம் அவளுக்கு ராஜ்யம் மாதிரி, யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டாள். அன்றைக்கு விடிந்ததும் குளித்துக் கிளம்பி நின்றாள். கண்ணாடிக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எங்க?"

"சண்டை பார்க்க. தோக்கப் போறதுன்னா நானும் கூட இருந்து தோக்குறேன்."

கூடத்தில் ரப்பர் வாசனை அடித்தது. மேஜையில் ஆறு நீலமாக வளைந்து கிடந்தது, நடுவில் மரப்பாலம். சண்டைக்கு நடுவராக நின்றவர் ஒரு பூகோள டீச்சர். குச்சியும் விசிலும் வைத்திருந்தார். "யாராயிருந்தாலும் கையைக் கட்டிக்கிட்டுத்தான் பார்க்கணும்" என்று பல்லக்காவைப் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார்.

ஆட்டம் தொடங்கியது. கண்ணாடிக்காரர் படையைப் பாலத்துக்கு அனுப்பினார். நன்றாகத்தான் அனுப்பினார், அவர் படித்த படிப்பு எங்கே போகும்? மாப்பிள்ளையை மட்டும் ரெண்டு விரலால் விளிம்பைப் பிடித்துத் தூக்கி, மேட்டின் உச்சியில், மேஜை ஓரத்திலிருந்து யார் கையும் படாத இடமாகப் பார்த்து நிறுத்தினார். ஜன்னல் வெயில் பட்டு அவன் ஜொலித்தான். மொட்டையோ ஒட்டுப்போட்ட காலோடு பாலத்தின் வாயில் முதல் ஆளாக வந்து நின்றான்.

"மாப்பிள்ளை சௌக்கியமா?" என்றான் தம்பி. "வெயில்ல வாடிடப் போறார், யாராவது ஒரு குடை பிடிங்கப்பா."

பகடை உருண்டது. கண்ணாடிக்காரரின் முன்வரிசை அடி வாங்கியது. பக்கத்தில் தளபதி இல்லாததால் கூட்டிக்கொள்ள ஒன்று இல்லை. ஓடினார்கள். அடுத்த வரிசை வந்தது, அதுவும் ஓடியது. பாலத்தில் அவருக்கு ஒரே ஒரு அணி மிச்சம் இருந்தது. அதுவும் போனால் பாலம் போச்சு, அலமாரி போச்சு. அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். எல்லாம் தெரிகிறது அவருக்கு. தெரிந்துகொண்டே அந்தக் கை மேட்டின் பக்கம் போகமாட்டேன் என்கிறது.

டீச்சர் விசில் ஊதி டீக்கு விட்டார். தம்பியும் மற்றவர்களும் கீழே இறங்கிப் போனார்கள். மேஜையைக் காவல் காக்க டீச்சர் நின்றார். கண்ணாடிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்.

பல்லக்கா கட்டியிருந்த கையைப் பிரித்தாள். நேரே போய் மேட்டின் மேல் இருந்த மாப்பிள்ளையைத் தூக்கிவிட்டாள்.

"ஏம்மா, ஏம்மா! தொடக் கூடாது!" என்று டீச்சர் குச்சியை நீட்டினார்.

"எடுத்த இடத்துல வச்சிடுவேன் டீச்சர். கொஞ்சம் இருங்க." கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினாள். "என்னங்க, இவன் யாரோட தளபதி?"

"என்ன கேள்வி இது? நீ தீட்டினது."

"தீட்டினது யாருன்னு கேக்கல. யாரோட தளபதி?"

 பொய் சொல்லத் தெரியாத ஆள். "உன்னோடது" என்றார்.

"அங்கதான் தப்பு. மூணு வருஷமா என்னோடதை வச்சுக்கிட்டு உங்க சண்டையைப் போடுறீங்க. எப்படி ஜெயிப்பீங்க? நான் பல்லு செய்றவ. எவ்வளவு அழகாச் செஞ்சாலும் அது கடிக்கணும். கடிக்காம வாயில வச்சிருந்தா எனக்கு அவமானம். இவனை நான் உங்களுக்குக் கொடுத்துட்டேன். கொடுத்தது தெரியுற மாதிரி இப்பக் கொடுக்குறேன், பாருங்க."

தோள் உயரத்துக்குத் தூக்கி, விரலை விரித்துவிட்டாள்.

'டங்' என்று சிமெண்டுத் தரையில் விழுந்து, ரெண்டு குதி குதித்து, டீச்சரின் செருப்பில் முட்டி நின்றான் மாப்பிள்ளை. "ஐயோ!" என்று அலறியது டீச்சர்தான். 

பல்லக்கா குனிந்து எடுத்தாள். இறகுக் கொத்தின் நுனி போயிருந்தது. கட்டம் போட்ட போர்வையில் ஒரு கட்டம் பெயர்ந்து உலோகம் தெரிந்தது. ஒரு மாசத்து வேலை.  போகட்டும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு அவனைக் கொண்டுபோய் மேட்டில் பழைய இடத்தில் வைத்தாள். வைக்கும்போது கை நடுங்கியது.

கண்ணாடிக்காரர் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அது நடுங்கி அவர் பார்த்ததில்லை. அவளுக்கு என்ன வேண்டியிருந்தால் இந்தக் கை நடுங்கும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து வந்தார். அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். ஓரத்தில் பிடிக்கவில்லை, முழுசாகப் பிடித்தார்.

"அலமாரியைக் கொடுத்துட்டா சனிக்கிழமை நீங்க என்கூடப் பேச மாட்டீங்க" என்றாள் பல்லக்கா.  "அது எனக்கு வேணும்."

"சரி" என்றார் அவர்.

டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வண்ணம் இருக்கணும்னுதான் சட்டம். பெயர்ந்திருக்கக் கூடாதுன்னு சட்டத்துல இல்ல. நான் எதையும் பார்க்கல" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டீ குடித்துவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டே வந்தான் தம்பி. விசில் ஊதினதும் கண்ணாடிக்காரர் மேட்டுக்குக் கையை நீட்டி, மாப்பிள்ளையை உள்ளங்கையோடு அள்ளித் தூக்கினார். நாடாவை வைத்து அளந்து, சரிவில் இறக்கி, பாலத்தின் மேல் அந்தக் கடைசி அணிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து டக்கென்று வைத்தார்.

"அடேயப்பா! மாப்பிள்ளை இறங்கிட்டாரே! சாப்பாடு போட்டாச்சுன்னு யாராவது சொன்னாங்களா?" என்றான் தம்பி.

"நீ உருட்டு மச்சான்" என்றார் கண்ணாடிக்காரர். அந்தக் குரலைப் பல்லக்கா சனிக்கிழமைகளில் மட்டும் கேட்டிருக்கிறாள்.

தம்பி மொட்டையை முன்னால் விட்டு மோதினான். ரெண்டு பக்கமும் ஒட்டித் தள்ளினார்கள். தம்பியின் கை பட்டு மாப்பிள்ளை சாய்ந்தான். கண்ணாடிக்காரர் நிமிர்த்தி வைத்தார், ஊதிக்கூடப் பார்க்கவில்லை. பாலத்தில் நிற்க ஐந்து வேண்டும். பகடையில் நான்கு விழுந்தது.

"ஓடு ஓடு!" என்று துள்ளினான் தம்பி.

"பக்கத்துல தளபதி" என்றார் டீச்சர். "ஒண்ணு கூட்டிக்கணும். நாலும் ஒண்ணும் அஞ்சு. அணி நிக்குது."

நின்றது. அடுத்த உருட்டிலும் நின்றது. அதற்கடுத்த உருட்டில் தம்பியின் முன்வரிசை நொறுங்கி, மொட்டை ஒட்டுப்போட்ட காலோடு ஆற்றங்கரை வரைக்கும் பின்வாங்கினான். டீச்சர் பாலத்தின் மேல் கண்ணாடிக்காரரின் கொடியை நட்டார். கண்ணாடிக்காரர் போட்ட கூச்சலில் கீழே டயர் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று மாடிப்படி ஏறி வந்துவிட்டார். தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஜன்னலோர மேஜையில் விளக்கு எரிந்தது. எதிர் நாற்காலியில் அவர் உட்கார்ந்து, தோற்ற தளபதி ஒருத்தன் மாமனார் வீட்டில் பட்ட பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அலமாரியில் இல்லை. அவர் சட்டைப் பையில் கடைச் சாவியோடு கிடந்தான். பெயர்ந்த கட்டத்தைத் திரும்பத் தீட்டட்டுமா என்று அவள் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.

வாசலில் லாரி நிற்கிற சத்தம் கேட்டது. தம்பி உள்ளே வந்தான். கைக்குட்டையைப் பிரித்து மொட்டையை மேஜையில் வைத்தான். வழக்கமான நக்கல் எதுவும் இல்லை, தலையைச் சொறிந்தான்.

"அக்கா, ஒரு வாரமா யோசிச்சுப் பார்த்துட்டேன். தளபதி எடுப்பா இருந்தாத்தான் படைக்கு ஒரு வேகம் வருது. மாமா மாப்பிள்ளையை இறக்கினாரு, என் பசங்க மிரண்டுட்டானுங்க. எனக்கும் ஒண்ணு தீட்டிக் கொடேன். மாமாவோடதை விட அழகா வேணும்."

கண்ணாடிக்காரர் படிப்பதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி, தலையை நன்றாகக் குனிந்துகொண்டு, துடைதுடை என்று துடைத்தார். தோள் குலுங்கியது.

"தீட்டிடலாம்டா" என்றாள் பல்லக்கா. "போர்வையில கட்டம் போதுமா, பூ வேணுமா?"

"ரெண்டும் போடு."

"கண்ணுக்கு இமை?"

"இமையும் வேணும்கா."

"குதிரைக்கும் வச்சிடட்டுமா?"

"குதிரைக்குமா!" தம்பிக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "வைப்பியா?"

"உனக்கு இல்லாததாடா" என்று சொல்லிவிட்டு, இருக்கிறதிலேயே மெல்லிய பிரஷாகப் பார்த்து எடுத்தாள் பல்லக்கா.